ஷெல்லுக்கு முன்னால் ஒரு ஸ்கூல் வாத்தியார்

ஜூனியர்ஸ் லினக்ஸ் போட்ட முதல் வாரத்துலயே கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. பாஷ் வெச்சுக்கலாமா, ஸெட்-ஷெல்லுக்கு மாறலாமா, இல்ல ஃபிஷ் நல்லா இருக்குமா? நம்ம சீனியர்ஸ் சொல்ற பதில் பெரும்பாலும் கலரைப் பத்தித்தான் இருக்கும். எந்த தீம் அழகு, எதுல ப்ராம்ப்ட் பளபளன்னு இருக்கு, எது தானாவே மீதி வார்த்தையை நிரப்பித் தருது, இப்படி.

அதெல்லாம் வேண்டியதுதான், தப்பில்லை. ஆனா ஷெல்லோட நிஜ வேலை வேற. நீங்க அடிக்கிற ஒரு வரியில எதை அப்படியே எழுத்தா விடணும், எதைப் பிரிச்சுப் பார்த்து அதோட மதிப்பைப் போடணும்னு முடிவு பண்றதுதான் அது. அந்த முடிவு ஒரு இடத்துல பிசகினா, உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஃபோல்டர் ஒரே என்டர்ல காலியாகும்.

இந்தக் கேள்வியை ஷெல்லுன்னு ஒரு பேரே இல்லாத காலத்துல ஒழுங்கா யோசிச்சவர் ஒருத்தர் இருந்தார். பேரு கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி. 1975-லயே இறந்துபோனவர். நம்ம சிலபஸ்ல எல்-வேல்யூ, ஆர்-வேல்யூ, பாலிமார்ஃபிஸம்னு வர்ற வார்த்தைகளுக்குப் பின்னாடி இருக்கிறவர் அவர்தான். சி மொழியோட வம்சத்தை மேல தேடிப் போனாலும் அவர் வீட்டு வாசல்லதான் போய் நிப்போம். அவர் கதையை முதல்ல படிச்சிடுங்க. ஷெல் எதுன்னு அப்புறம் முடிவு பண்ணலாம்.

பெரிய வீட்டுப் பிள்ளை, சுமாரான டிகிரி

ஸ்ட்ரேச்சி 1916 நவம்பர் 16-ம் தேதி லண்டன்ல பிறந்தார். குடும்பம் சாதாரணக் குடும்பம் இல்லை. அப்பா ஆலிவர் ஸ்ட்ரேச்சி, ரெண்டு உலகப் போர்லயும் பிரிட்டனுக்காக எதிரிகளோட ரகசியக் குறியீடுகளை உடைச்சவர். அம்மா ரே ஸ்ட்ரேச்சி, பெண்களோட ஓட்டுரிமைக்காகப் போராடின எழுத்தாளர். சித்தப்பா லிட்டன் ஸ்ட்ரேச்சி, இங்கிலாந்தே படிச்ச வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்.

இப்படிப்பட்ட வீட்டுல பிறந்த பையன் கேம்பிரிட்ஜ் போனா எல்லாரும் என்ன எதிர்பார்ப்பாங்க? முதல் வகுப்பு, அப்புறம் ஆராய்ச்சி. 1935-ல கிங்ஸ் கல்லூரியில சேர்ந்தார். ஆலன் டூரிங்கும் அப்போ அதே கல்லூரியிலதான் இருந்தார். ஆனா மூணாவது வருஷம் ஸ்ட்ரேச்சிக்கு மன அழுத்தம் முத்தி, உடைஞ்சு போனார். திரும்பி வந்து பரீட்சை எழுதினார். கிடைச்சது இரண்டாம் வகுப்பு, அதுலயும் கீழ்ப்பிரிவு. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு அது போதாது. கதவு மூடிடுச்சு.

அரியர் வெச்சிருக்கிறவங்க, ப்ளேஸ்மென்ட் கட்-ஆஃப்ல அரை மார்க்குல நின்னவங்க, இந்த இடத்துல கொஞ்சம் நிதானமாப் படிங்க. அவரைப் பத்தி அன்னைக்கு யாராவது கணிச்சிருந்தா, பெரிசா ஒண்ணும் எதிர்பார்த்திருக்க மாட்டாங்க.

வேலைக்குப் போனார். ஸ்டாண்டர்ட் டெலிஃபோன்ஸ் அண்ட் கேபிள்ஸ் கம்பெனியில எலக்ட்ரான் வால்வு வடிவமைப்புக்கான கணக்கு போடுற வேலை. போர்க்காலம் முழுக்க அந்த மாதிரி வேலைதான். டிஃபரன்ஷியல் அனலைசர்னு ஒரு இயந்திரம், சக்கரமும் அச்சும் சுத்தி சமன்பாட்டைத் தீர்க்கும். அதுல வேலை பார்த்தப்போதான் கணக்கு போடுற இயந்திரங்கள் மேல ஆசை வந்தது. ஆனா போர் முடிஞ்சதும் அவர் போனது லேபுக்கு இல்லை, வகுப்பறைக்கு. 1945-ல கேன்டர்பரியில ஒரு பள்ளி, 1949-ல புகழ்பெற்ற ஹாரோ பள்ளி. கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்.

லீவு நாள்ல ஒரு லேப் விசிட்

1951 ஜனவரி. வயசு 34. தெரிஞ்சவங்க மூலமா தேசிய இயற்பியல் ஆய்வகத்துல மைக் வுட்ஜரைப் பார்க்கப் போனார். அங்கே பைலட் ஏஸ் கம்ப்யூட்டரைப் பத்தி ஒரு நாள் முழுக்கக் கேட்டுக்கிட்டார். வீட்டுக்கு வந்து அதுக்கு ஒரு ப்ரோகிராம் எழுத உட்கார்ந்தார். சாதாரண கூட்டல் கழித்தல் இல்லை. டிராஃப்ட்ஸ் விளையாடுற ப்ரோகிராம். சதுரங்கப் பலகையில எதிரி காயைத் தாண்டித் தாண்டி வெட்டுவோமே, அந்த ஆட்டம்.

பைலட் ஏஸ்ல மெமரி பத்தலை. மான்செஸ்டர்ல ஃபெரான்டி மார்க் ஒன்னு ஒரு பெரிய மெஷின் வந்திருக்குன்னு தெரிஞ்சது. அதுக்குக் கையேடு எழுதினவர் டூரிங். பழைய கல்லூரிப் பழக்கத்துல அவருக்கு ஸ்ட்ரேச்சி கடிதம் போட்டு, கையேட்டை வாங்கிப் படிச்சார். டூரிங் அவருக்கு ஒரு சவால் கொடுத்தார். அந்த மெஷின் தன்னைத்தானே பாவிச்சு இயங்கி, ஒரு ப்ரோகிராமைப் படிப்படியாச் சோதிக்கிற மாதிரி ஒண்ணு எழுதிக் காட்டுன்னு கேட்டார். இன்னைக்கு நீங்க ஜிடிபி-யில ஒவ்வொரு ஸ்டெப்பா நகர்த்துறீங்களே, அந்த வகை வேலை.

ஸ்கூல் வாத்தியார் ஏறத்தாழ 1000 கட்டளைகள் கொண்ட ப்ரோகிராமோட மான்செஸ்டர் போனார். அதுவரை அந்த மெஷினுக்கு யாரும் அவ்வளவு நீளமா எழுதினதில்லை. ஒரு ராத்திரி முழுக்க மெஷினோட உட்கார்ந்தார். விடியும்போது ப்ரோகிராம் ஓடுச்சு, முடிவுல மெஷினோட ஒலிபெருக்கியில பிரிட்டன் தேசிய கீதமும் வாசிச்சது. அங்கே இருந்தவங்க அசந்துட்டாங்க.

அடுத்த வருஷத்துக்குள்ள டிராஃப்ட்ஸ் ப்ரோகிராம் முழு ஆட்டம் ஆடுற அளவுக்கு வந்துடுச்சு. 1952-லயே, வார்த்தைகளை ரேண்டமாப் பொறுக்கி வாக்கியத்துல பொருத்திக் காதல் கடிதம் எழுதுற ப்ரோகிராம் ஒண்ணும் செஞ்சார். கடிதத்துக்குக் கீழே கையெழுத்து போடுறது மெஷின்தான். விளையாட்டு மாதிரி தெரியும். ஆனா கவனிங்க: நடுவுல காலியிடம் விட்ட ஒரு வாக்கியச் சட்டம், அந்த இடத்துல வந்து உட்கார்ற சொல். இந்த யோசனை அவரைக் கடைசிவரைக்கும் விடலை. நம்ம ஷெல் கதையோட விதையும் அதுக்குள்ளதான் இருக்கு.

வேலை மாறினார், வேலையையே மாத்தினார்

1952-ல பள்ளியை விட்டுட்டு தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகத்துல சேர்ந்தார். கனடாவுல செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக் கால்வாய்த் திட்டத்துக்கு நீரோட்டக் கணக்குகளை டொரன்டோ பல்கலைக்கழக மெஷின்ல போட்டுக் கொடுத்தார். ஃபெரான்டி பெகாசஸ் கம்ப்யூட்டரோட வடிவமைப்புலயும் பங்கு உண்டு. ப்ரோகிராம் எழுதுறவனுக்கு மெஷின் எப்படி வசதியா இருக்கணும்ங்கிறதை உள்ளே இருந்து யோசிச்ச ஆள்.

அந்தக் காலத்துல ப்ரோகிராமர் நிலைமை எப்படின்னு தெரியுமா? துளையிட்ட அட்டையைக் கொடுத்துட்டு வெளியே காத்திருக்கணும். மெஷின் நேரம் பொன் மாதிரி. ஒருத்தர் கன்சோல் முன்னாடி உட்கார்ந்து யோசிச்சுக்கிட்டு இருந்தா அத்தனை நேரமும் வீண். 1959 ஜூன்ல பாரிஸ்ல யுனெஸ்கோ நடத்தின மாநாட்டுல ஸ்ட்ரேச்சி ஒரு கட்டுரை படிச்சார். பெரிய வேகமான கம்ப்யூட்டர் தன் நேரத்தைப் பல வேலைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கலாம், ஒருத்தர் கன்சோல்ல பிழை தேடிக்கிட்டு இருக்கும்போதே மத்த ப்ரோகிராம்கள் பக்கத்துல ஓடலாம்ங்கிறதுதான் சாரம்.

நியாயமாச் சொல்லணும்னா, பல பேர் தனித்தனி டெர்மினல்ல ஒரே நேரத்துல உட்கார்ற மாதிரியான ஏற்பாட்டை அதே 1959-ல அமெரிக்காவுல ஜான் மெக்கார்த்தி தனியா முன்வெச்சார். அந்தப் பாதையில எம்ஐடி-யில சிடிஎஸ்எஸ் வந்தது. 1961-ல செயல்விளக்கம் காட்டினாங்க. மனுஷன் டைப் பண்ண மெஷின் உடனே பதில் சொல்ற காலம் பிறந்தது. அப்போதான் புதுசா ஒரு கேள்வி வந்தது: மனுஷன் அடிக்கிற அந்த வரியை யார் படிக்கிறது, எப்படிப் படிக்கிறது?

மேற்கோள் குறிக்குள்ள இருக்கிற ரகசியம்

1959-ல வேலையை விட்டுட்டு ஸ்ட்ரேச்சி தனி ஆலோசகரா ஆனார். உதவிக்கு பீட்டர் லாண்டின்னு ஒரு இளைஞரைச் சேர்த்துக்கிட்டார். அந்த உதவியாளர்தான் பிற்காலத்துல ஃபங்ஷனல் ப்ரோகிராமிங்குக்கு அஸ்திவாரம் போட்ட லாண்டின். 1962-லிருந்து கேம்பிரிட்ஜ்ல சிபிஎல்னு ஒரு மொழியை வடிவமைக்கிற குழுவுல ஸ்ட்ரேச்சி முக்கியமான ஆள். சிபிஎல் மொழி முழுசா வெற்றி பெறலை. ஆனா அதைச் சுருக்கி மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் பிசிபிஎல் செஞ்சார், அதிலிருந்து கென் தாம்ப்சன் பி செஞ்சார், அதிலிருந்து டெனிஸ் ரிட்சி சி செஞ்சார். முதல் செமஸ்டர்ல நீங்க அடிச்ச ஹலோ வேர்ல்டுக்குக் கொள்ளுத்தாத்தா இந்த சிபிஎல்.

சிபிஎல் கம்பைலர் வேலைக்காக ஸ்ட்ரேச்சி ஒரு சின்னக் கருவி செஞ்சார். பேரு ஜிபிஎம், பொதுப்பயன் மேக்ரோ ஜெனரேட்டர். 1965-ல கம்ப்யூட்டர் ஜர்னல் இதழ்ல வெளிவந்தது. அதுல இருக்கிற யோசனைகளை எண்ணிப் பாருங்க, ரொம்பக் கம்மி.

ஒண்ணு: ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, அந்த இடத்துல அதோட எழுத்து வந்து உட்காரும்.

ரெண்டு: கூப்பிடும்போது ஆர்கியூமென்ட்களைக் கொடுக்கலாம். உள்ளே அவை முதலாவது, ரெண்டாவதுன்னு எண்ணால அழைக்கப்படும். ஷெல் ஸ்க்ரிப்ட்ல டாலர் ஒண்ணு, டாலர் ரெண்டுன்னு எழுதுறீங்களே, அதே பழக்கம்.

மூணு: ஒரு ஆர்கியூமென்ட்டுக்குள்ளேயே இன்னொரு அழைப்பு இருக்கலாம். முதல்ல உள்ளே இருக்கிறது நடக்கும், அதோட விடை வெளியே இருக்கிறதுக்குப் போகும். ஒரு கமாண்டுக்குள்ள இன்னொரு கமாண்டோட விடையைச் செருகுறது நினைவுக்கு வருதா?

நாலாவதுதான் உயிர்: இந்தப் பகுதியைத் தொடாதே, இப்போதைக்கு அப்படியே விடுன்னு சொல்ல மேற்கோள் குறி. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் மேற்கோளோட ஒரே ஒரு அடுக்கு மட்டும் உரியும். எது இப்பவே விரியணும், எது அப்புறம் விரியணும்னு எழுதுறவர் கையில முழுக் கட்டுப்பாடு.

ஸ்ட்ரேச்சி எம்ஐடி-க்குப் போன காலத்துல அங்கே லூயி பூசான்னு ஒரு பிரெஞ்சுக்காரர் வேலை பார்த்துக்கிட்டு இருந்தார். சிடிஎஸ்எஸ்ல கமாண்டுகளை ஒரு கோப்புல வரிசையா எழுதிவெச்சு ஓட்டுறதுக்கு ரன்காம்னு ஒரு ப்ரோகிராம் செஞ்சவர் அவர். பாஷ்ஆர்சி, ஸெட்-ஷெல்ஆர்சின்னு உங்க ஹோம் ஃபோல்டர்ல மறைஞ்சு கிடக்கிற ஃபைல்கள் இருக்கே, அந்த ஆர்சி வந்தது இந்த ரன்காம்லிருந்துதான். அடுத்து வரப்போற மல்டிக்ஸ் சிஸ்டத்துக்கு ஒரு கமாண்ட் மொழி எப்படி இருக்கணும்னு பூசான் யோசிச்சப்போ, ஸ்ட்ரேச்சியோட மேக்ரோ ஜெனரேட்டர் அவருக்கு உறுதியான அடித்தளமாத் தெரிஞ்சது. குறிப்பா, மேற்கோள் போடுற முறையும் ஆர்கியூமென்ட் அனுப்புற முறையும். 1964 கடைசி, 1965 தொடக்கம் வாக்குல யாரும் கேட்காமலே உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதினார். அந்தக் கமாண்ட் மொழிக்கு அவர் வெச்ச பேருதான் ஷெல்.

மல்டிக்ஸ் ஷெல்லைப் பார்த்து 1971-ல யூனிக்ஸுக்கு தாம்ப்சன் ஷெல் வந்தது, 1979-ல ஸ்டீபன் பார்ன் எழுதினது வந்தது, 1989-ல பாஷ் வந்தது. ஸ்ட்ரேச்சி தன் கையால ஒரு ஷெல்லும் எழுதலை. ஆனா நீங்க ஒவ்வொரு முறை இரட்டை மேற்கோள் போடும்போதும் அவர் கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுதுறீங்க.

இப்போ உங்க ஷெல்லுக்கு வருவோம்

கதை எதுக்குன்னா, இதை வெச்சு ஷெல்லை அளந்து பார்க்கலாம். செம் 5 லேப் ரெக்கார்டுன்னு ஒரு ஃபைல் வெச்சிருக்கீங்க, நடுவுல மூணு ஸ்பேஸ் இருக்கு. அந்தப் பேரை ஒரு வேரியபிள்ல போட்டுட்டு, மேற்கோள் போடாம அழிக்கச் சொன்னா என்ன ஆகும்?

பாஷ்ல: வேரியபிள் விரிஞ்சதுக்கு அப்புறம் ஸ்பேஸ் இருக்கிற இடத்துல எல்லாம் வெட்டும். செம், 5, லேப், ரெக்கார்டுன்னு நாலு தனிப் பேரா ஆர்எம்-க்குப் போகும். நீங்க அழிக்க நினைச்ச ஃபைல் அப்படியே இருக்கும். லேப்னு வேற ஒரு ஃபைல் பக்கத்துல இருந்தா அது போயிடும். ரீசைக்கிள் பின் எல்லாம் கிடையாது. தப்பிக்கணும்னா இரட்டை மேற்கோள் கட்டாயம்.

ஸெட்-ஷெல்ல: சாதாரணமா வெட்டாது. வேரியபிள்ல ஒரு மதிப்பு போட்டீங்கன்னா ஒரே மதிப்பாவே போகும்.

ஃபிஷ்ல: ஒருமுறை மதிப்பு உள்ளே போனா வேரியபிளை மறுபடி வெட்டுற பேச்சே இல்லை. பல மதிப்பு வேணும்னா அதை நீங்களே பட்டியலாக் கொடுக்கணும்.

அப்போ பாஷ் மோசமா? அப்படிச் சொல்ல முடியாது. உபுன்டுவுல அதுதான் ஏற்கெனவே இருக்கு, கம்பெனி சர்வர்லயும் பெரும்பாலும் அதுதான் இருக்கும், நெட்ல கிடைக்கிற ஸ்க்ரிப்ட் பெரும்பாலும் அதுக்காக எழுதினது. ஃபிஷ் கைக்கு சுகம், ஆனா அதோட இலக்கணம் வேற. பாஷ் ஸ்க்ரிப்டை அப்படியே அதுல ஒட்டினா பல இடத்துல முறைக்கும். ஸெட்-ஷெல் நடுவாந்திரம். 2019-ல ஆப்பிளும் மேக்குக்கு அதையே டிஃபால்ட் ஆக்கிடுச்சு.

உங்களுக்கு ஒரு வழி சொல்றோம். கையால டைப் பண்றதுக்கு ஒரு ஷெல், ஸ்க்ரிப்ட் எழுத ஒரு ஷெல்லுன்னு பிரிச்சு யோசிங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு சட்டம் இல்லை. ஸ்க்ரிப்டோட முதல் வரியில எந்த ஷெல்லைக் குறிப்பிட்டிருக்கீங்களோ, நேரடியா ஓட்டும்போது அதுதான் அந்த ஸ்க்ரிப்டைப் படிக்கும். உங்க டெர்மினல்ல என்ன ஓடுதுங்கிறது அங்கே பொருட்டில்லை. அதனால கைக்கு ஃபிஷ்ஷோ ஸெட்-ஷெல்லோ வெச்சுக்கோங்க. ஸ்க்ரிப்டை பாஷ்ல எழுதுங்க, எல்லா வேரியபிளுக்கும் மேற்கோள் போடுங்க, ஷெல்செக்ங்கிற கருவியில ஒருமுறை ஓட்டிப் பாருங்க. மேற்கோள் விட்ட இடத்தை அது விரல் வெச்சுக் காட்டும். அழிக்கிற கமாண்ட் எதுவா இருந்தாலும், முதல்ல ஆர்எம் இருக்கிற இடத்துல பிரின்ட்எஃப் போட்டு, ஒவ்வொரு ஆர்கியூமென்ட்டையும் தனித்தனி வரியில அச்சடிச்சுப் பாருங்க. ஒரு வரி வர வேண்டிய இடத்துல நாலு வரி வந்தா, அங்கேயே நிறுத்திடுங்க.

ஆக்ஸ்ஃபோர்டு, கடைசி பத்து வருஷம்

மீதிக் கதையைச் சொல்லாம விட்டா நல்லா இருக்காது. 1965-ல ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ப்ரோகிராமிங் ஆராய்ச்சிக் குழு ஒண்ணை ஆரம்பிச்சு, ஸ்ட்ரேச்சியைத் தலைமைக்கு வெச்சது. ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்காத அதே ஆள், டாக்டர் பட்டம்னு ஒண்ணு இல்லாமலேயே. 1971-ல பேராசிரியர் பதவியும் கொடுத்தாங்க.

தியரி வேற, ப்ராக்டிகல் வேறன்னு பிரிக்கிறதை அவர் ஒத்துக்கிட்டதே இல்லை. கம்ப்யூட்டிங்ல பாதி சிக்கலுக்கு அந்தப் பிரிவினைதான் காரணம்னு நினைச்சார். 1967-ல கோபன்ஹேகன்ல அவர் நடத்தின வகுப்புகள்ல எல்-வேல்யூ, ஆர்-வேல்யூவை விளக்கினார். பாலிமார்ஃபிஸத்துல ரெண்டு வகைன்னு பிரிச்சுக் காட்டினார். 1969-ல தர்க்கவியலாளர் டேனா ஸ்காட் ஆக்ஸ்ஃபோர்டு வந்தப்போ ரெண்டு பேரும் சேர்ந்து, ஒரு ப்ரோகிராமோட பொருள் என்னங்கிறதைக் கணிதமா எழுதிக் காட்டுற துறையை உருவாக்கினாங்க. டினோடேஷனல் செமான்டிக்ஸ்னு பெயர்.

ஆனா ஒரு குறை. எழுதினதை வெளியிட அவருக்கு மனசு வராது. இன்னும் சரியா வரலை, இன்னும் திருத்தணும்னு தள்ளிப்போட்டுக்கிட்டே இருப்பார். கோபன்ஹேகன் குறிப்புகள் கையெழுத்துப் பிரதி மாதிரி கைமாறிக் கைமாறியே உலகம் சுத்தினது. முறையா அச்சுல வந்தது 2000-ல, அவர் இறந்து 25 வருஷம் கழிச்சு. ராபர்ட் மில்னோட சேர்ந்து ஒரு பரிசுப் போட்டிக்காகப் பெரிய ஆய்வுக் கட்டுரை ஒண்ணு எழுதினார். பரிசு கிடைக்கலை. அதை முடிச்ச கொஞ்ச காலத்துல மஞ்சள் காமாலை மாதிரி வந்தது, தேறி வந்தார், மறுபடி விழுந்தார். தொற்றுக் கல்லீரல் அழற்சி. 1975 மே 18-ம் தேதி இறந்தார். வயசு 58. அந்தக் கட்டுரையைப் புத்தகமா மில்ன் அடுத்த வருஷம் கொண்டுவந்தார்.

34 வயசுலதான் முதல் ப்ரோகிராம் எழுத ஆரம்பிச்ச மனுஷன். கம்ப்யூட்டரோட செலவிட்டது மொத்தம் 24 வருஷம். அதுக்குள்ள மெஷினுக்கு ஆடவும் கடிதம் எழுதவும் கத்துக்கொடுத்து, ஷெல்லுக்கும் சிக்கும் விதை போட்டுட்டுப் போயிட்டார்.

நீங்க எந்த ஷெல்லை வேணும்னாலும் எடுத்துக்கோங்க, தீம் உங்க இஷ்டம். எடுக்கிறதுக்கு முன்னாடி ஸ்பேஸ் உள்ள பேர்ல ஒரு டம்மி ஃபைல் உருவாக்குங்க. மூணு ஷெல்லுலயும் மேற்கோள் இல்லாம ஒருமுறை, மேற்கோளோட ஒருமுறை அச்சடிச்சுப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை. எந்த ஷெல் உங்க மனசுல இருக்கிறதை அப்படியே புரிஞ்சுக்குதோ, அதை வெச்சுக்கோங்க. அப்படியே ப்ராஜெக்ட் ஃபோல்டரை பேக்கப்பும் எடுத்துடுங்க.